ஆளே இல்லாத இருநூற்றுப் பதினாலு போட்டோ

உத்திரமேரூர்,
நம்ம வீடு,
சனிக்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான மார்த்தாள் அக்காவுக்கு, உன் தம்பி சாம்சன் தலை தாழ்த்தி எழுதிக்கொள்ளும் கடிதம். ஆண்டவர் கிருபையில் இங்கு நானும் பரிமளாவும் ஷாரோனும் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டு வீட்டில் சுகமாக இருக்கிறோம். வீட்டில்தான் இருக்கிறோம். அங்கே தங்கவயலில் உன் முட்டிவலி, உன் காது, உன் கறுப்பு ஆடு, மூன்றும் எப்படி இருக்கின்றன என்று விவரமாக எழுதவும். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் கோபித்துக்கொள்ளாதே, மடியில் அட்டை வைத்து எழுதுகிறேன்.

நிற்க. சென்னையிலிருந்து போலீஸ் முத்திரை போட்ட காகிதம் ஏதாவது உன் பெயருக்கு வந்தால் நீ பயப்படக்கூடாது. தலையில் அடித்துக்கொள்ளக்கூடாது. பாஸ்டர் வீட்டுக்கு ஓடி ஜெபம் வைக்கக்கூடாது. நீ ஒன்றும் செய்யவில்லை, செய்ததெல்லாம் நான். ஆனால் உன் பெயரில் செய்துவிட்டேன். அது எப்படி என்றால், போன கிறிஸ்துமஸுக்கு உன் மகன் துபாயிலிருந்து உனக்கு வாங்கிவந்த போனை, "எனக்குத்தான் காது கேக்கலியே, இத வெச்சிக்கினு நான் இன்னா பண்றது, நீ எடுத்துக்கினு போடா" என்று என் பையில் போட்டாய் அல்லவா, அதில் அவன் உன் பெயரையும் உன் முகத்தையும் ஏற்றி வைத்திருந்தான். அதை மாற்ற எனக்குத் தெரியவில்லை, மாற்ற மனசும் இல்லை. போனைத் திறந்தால் நீ வருகிறாய், காலையில் உனக்கு ஒரு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுத்தான் எனக்கு மற்ற வேலை. அதனால் அந்தப் போனில் நான் எதைச் செய்தாலும் ஊர் உலகத்துக்கு அதைச் செய்தவள் மார்த்தாள். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

ஷாரோன் சென்னையில் வேலைக்குப் போய் ஐந்து வருஷம் ஆகிறது. பெரிய தனியார் ஆஸ்பத்திரி, ரத்தம் சோதிக்கும் இடத்தில் வேலை. ஆனால் வேலை கொடுத்தது ஆஸ்பத்திரி இல்லை, நடுவில் ஒரு காண்ட்ராக்ட்காரன். பொங்கலுக்கு வந்தபோது இந்தப் போனில் எதையோ அழுத்தி, "நான் எங்க கீறேன்னு இனிமே இதுலயே தெரியும் நைனா, சும்மா சும்மா போன் பண்ணி உசுர வாங்காத" என்றாள். அன்றிலிருந்து மேப்பில் என் மகள் ஒரு புள்ளி. சின்ன வட்டம், அதற்குள் அவள் முகம். ஆஸ்பத்திரி, ஹாஸ்டல், ஆஸ்பத்திரி, ஹாஸ்டல், ஞாயிற்றுக்கிழமை சர்ச். நான் டீ குடிக்கும்போது பார்ப்பேன், மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது பார்ப்பேன். ஒருநாள் புள்ளி கடலுக்குள் போய் நின்றுவிட்டது, நான் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது, கடைசியில் பார்த்தால் அவள் ஹாஸ்டலில் துணி துவைத்துக்கொண்டிருக்கிறாள். போன் அப்படித்தான் சில நேரம் தப்பாகக் காட்டும் என்றாள். முப்பத்தொரு வருஷம் நிலம் அளக்கிற சர்வேயருக்குச் சங்கிலி பிடித்தவனிடம் வந்து, புள்ளி தப்பாகக் காட்டும் என்று எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாள் பார்.

இப்படி இருக்கும்போது போன மாதம் அந்தக் காண்ட்ராக்ட்காரன் நாற்பத்து மூன்று பெண்களை ஒரே நாளில் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். போனில் ஒரு மெசேஜ், அவ்வளவுதான். நாளையிலிருந்து வரவேண்டாம், வரவேண்டுமானால் இத்தனை நாள் வேலை பார்த்ததை மறந்து, புது ஆளாகக் கையெழுத்துப் போடு என்று. ஷாரோன் எனக்குப் போன் செய்து அழுதாள். தகப்பன் என்ன சொல்லியிருக்கவேண்டும்? நான் சொன்னேன், "வாய மூடிக்கினு அவன் காட்ற எடத்துல கையெழுத்தப் போட்டுட்டு வேலையப் பாரு" என்று. அதற்கு அவள் சொன்னாள்: "நீ முப்பத்தோரு வருசம் வாய மூடிக்கினு சங்கிலி புடிச்சே. ஊரு நெலத்தயெல்லாம் அளந்து குடுத்தே. நமக்கு ஒரு சென்ட்டு கீதா நைனா?" நான் போனை வைத்துவிட்டேன். அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை, பத்தொன்பது நாள். அக்கா, அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பு இல்லை என்பதுதான் என் கோபம்.

அதுவரை ஹாஸ்டலிலேயே கிடந்த புள்ளி போன திங்கட்கிழமை அங்கே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் பக்கவாட்டு ரோட்டில் போய் நின்றது. காலையில் பார்த்தேன், மத்தியானம் பார்த்தேன், சாயங்காலமும் அங்கேயே. கடலில் நின்றதைப் போல இதுவும் பொய்யாக இருக்கும் என்று பரிமளாவிடம் சொன்னேன். அவள் கையில் இருந்த முறத்தைக் கீழே போட்டாள். "டிவில காட்டலன்னா ஒனக்கு ஒண்ணும் தெரியாதா? அந்தப் பொண்ணுங்கல்லாம் ரோட்டுல குந்திக்கினு போராட்டம் பண்ணுதுங்க. எனக்கு தெனம் போன் பண்ணுது உம்பொண்ணு. நீ இங்க புள்ளியப் பாத்துக்கினு குந்திக்கினு கீறே" என்றாள். தினம் அவளுக்குப் போன் செய்கிறாள், எனக்குப் புள்ளி மட்டும். செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன். போராட்டத்துக்கு ஆதரவாக என்று நினைக்காதே, அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வர.

செங்கல்பட்டு வரை பஸ், அப்புறம் மின்சார ரயில், அதற்குப் பிறகு மேப்தான் வழிகாட்டி. உள்ளே ஒரு பெண் பேசுகிறாள். முந்நூறு மீட்டரில் இடப்புறம் திரும்பவும் என்றாள். "சரிம்மா" என்று சொல்லிவிட்டு, பழக்கதோஷம், ஒரு தப்படிக்கு ஒரு மீட்டர் என்று எண்ணிக்கொண்டே நடந்தேன். இருநூற்று எண்பத்தெட்டில் திருப்பம் வந்துவிட்டது. பன்னிரண்டு மீட்டர் அதிகமாகச் சொல்கிறாயே, பத்திரத்தில் இப்படி எழுதினால் இரண்டு குடும்பம் வெட்டிக்கொண்டு சாகுமே என்று அவளிடம் சொன்னேன். பக்கத்தில் நடந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்னைப் பார்த்துத் தள்ளி நடந்தார்கள்.

போய்ப் பார்த்தால் ஒரு புங்கமரம், ஒரு டிரான்ஸ்பார்மர், நடுவில் நடைபாதையில் பாய் விரித்து நாற்பத்து மூன்று பெண்கள். அந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்ளலாம் என்று போலீஸ் எழுதிக் கொடுத்திருக்கிறது. மரத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஆஸ்பத்திரியின் ஆம்புலன்ஸ் கேட். ஷாரோன் கறுத்துப் போயிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள், பிறகு உட்கார்ந்துவிட்டாள். "இட்டுக்கினு போவ வந்தியா?" என்றாள். "இல்ல, சும்மா பாக்க வந்தேன்" என்றேன். பொய்தான். அவளும் நம்பவில்லை. கோவிந்தம்மாள் என்று ஒரு பெண், லாண்டரியில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள், அவள்தான் அங்கே எல்லோருக்கும் தலைவி. "வாண்ணே, வந்து குந்து. ஒரு டிவிக்காரனும் எட்டிப் பாக்கல. நாங்களே போட்டோ எடுத்து நாங்களே மேப்புல ஏத்தறோம், நாலு பேருக்குத் தெரியணுமில்ல" என்றாள். ஷாரோன் என் கையில் இருந்த போனைப் பார்த்தாள். "நைனா, நீ சும்மா பேஜார் பண்ணாம இங்க நடக்கறத மணிக்கு மணி போட்டோ எடு. எங்க எடுத்தேன்னு மேப்புல ஏத்து" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டாள். என்னை அழவிடாமல் ஒரு வேலையில் மாட்டிவிட்டாள் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

வேலை என்று ஒன்றைக் கொடுத்துவிட்டால் நான் எப்படி என்று உனக்குத் தெரியுமே. முதலில் நாலு பக்கமும் சுற்றி வந்தேன். ஆம்புலன்ஸ் கேட்டின் தூண் ஒன்றாம் எல்லைக்கல் என்று வைத்துக்கொண்டேன். புங்கமரம் இரண்டாம் கல். தண்ணீர்க் குழாய், லைட் கம்பம், இப்படிப் போய் டிரான்ஸ்பார்மர் வேலி ஏழாம் கல். மணி அடித்தால் எழுந்து ஏழு கல்லையும் வரிசையாகப் போட்டோ எடுப்பேன். ஒவ்வொரு தடவையும் ஒன்றாம் கல்லில்தான் தொடங்குவேன், அது ஏகாம்பரம் சார் போட்டுக் கொடுத்த சட்டம். சர்வேயர்கள் எத்தனையோ பேரைப் பார்த்தேன், அவரைப் போல ஒருவர் இல்லை. மத்தியானம் சாப்பிட்டு வந்தால் சங்கிலியைத் தொடுவதற்கு முன் "சாம்சா, கல்லு நகந்துச்சா பாரு" என்பார். நான் ஓடிப்போய்த் தொட்டுப் பார்த்து "கல்லு கீது சார்!" என்று கத்தவேண்டும். ஒரு ஊரில், பெயர் வேண்டாம், நாங்கள் சோறு தின்ற அரைமணி நேரத்தில் ஒரு கல் பதினாறு அடி நடந்துபோயிருந்தது. கண்ணால் பார்த்தவன் நான். அதனால் அந்த ஆம்புலன்ஸ் கேட்டை மணிக்கு மணி போய்ப் பார்த்தேன், கேட்டை யாரும் நகர்த்திவிடக்கூடாது அல்லவா. எடுத்ததும் போனில் இந்த இடத்துக்குப் படம் சேர்க்கலாமா என்று கேட்கும். அவ்வளவு மரியாதையாகக் கேட்கும்போது எப்படி வேண்டாம் என்பது? எல்லாவற்றுக்கும் கீழே கல், கிழமை, மணி எழுதிச் சேர் என்று அழுத்தினேன். படுக்க மட்டும் பக்கத்து சர்ச்சில் இடம் கொடுத்தார்கள். செவ்வாய், புதன், வியாழன், மூன்று நாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஷாரோன் போனை வாங்கிப் பார்த்தாள். தள்ளினாள், தள்ளினாள், தள்ளிக்கொண்டே இருந்தாள். "இன்னா நைனா இது? இருநூத்திப் பதினாலு போட்டோ கீது. கம்பம் கீது, மரம் கீது, கொழா கீது. கக்கூஸ் கதவு நாலு கீது. நாங்க எங்க கீறோம்?" என்றாள். எனக்கு அவள் கேட்டதே புரியவில்லை. நிலத்துப் படத்தில் கல் இருக்கும், கிணறு இருக்கும், பனைமரம் இருக்கும், மனுஷர் இருக்கமாட்டார்கள். மனுஷர் நகர்ந்துவிடுவார்கள், அவர்களை நம்பி அளக்க முடியாது. யாராவது குறுக்கே வந்தால் நின்று, அவர்களைப் போகவிட்டு, ஆள் விழாமல் எவ்வளவு கவனமாக எடுத்திருக்கிறேன் தெரியுமா. சில இடத்தில் அந்தப் பெண்களையே "கொஞ்சம் தள்ளிக்கோங்கம்மா" என்று எழுப்பிவிட்டுப் பாயை மட்டும் எடுத்தேன். மூன்று படத்தில் மட்டும் கேட்டுக்குள் ஆம்புலன்ஸ் போய்க் குறுக்கே விழுந்து கெடுத்துவிட்டது, அதற்கு மன்னிப்புக் கேட்டேன். ஷாரோன் தலையில் கையை வைத்துக்கொண்டாள். அங்கே நூறு பேர் வந்து பேசியிருக்கிறார்கள், பாட்டுப் பாடியிருக்கிறார்கள், மழையில் நனைந்திருக்கிறார்கள், ஒன்றும் படத்தில் இல்லை. "எங்க மூணு நாளு போச்சே நைனா" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன், மெதுவாகச் சொன்னாள். நான் சர்ச்சுக்குப் போய், ஊருக்குத் திரும்பப் பையைக் கட்டி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் சொல்லிக்கொண்டு போகலாம் என்று வந்தால் இன்ஸ்பெக்டர் வந்து நிற்கிறார், கையில் புகார். இந்தப் பெண்கள் செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் பதினோரு மணியிலிருந்து நாலு மணி வரை ஆம்புலன்ஸ் கேட்டுக்குக் குறுக்கே உட்கார்ந்துகொண்டு ஒரு வண்டியையும் உள்ளே விடவில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கேஸ் போட்டால் என்ன ஆகும் தெரியுமா அக்கா, போலீஸ் கேஸ் இருக்கும் பெண்ணை எந்த ஆஸ்பத்திரியும் வாசலில்கூடச் சேர்க்காது. நாற்பத்து மூன்று பேர் பெயரும் வரிசையாக இருந்தது. ஒன்பதாவது பெயர் ஷாரோன். கோவிந்தம்மாள் "நாங்க அந்தப் பக்கமே போவலியே சார்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை, களைத்துப்போன ஆள். "போகலன்னு நீங்க சொல்றீங்க, போனாங்கன்னு அவங்க சொல்றாங்க. எதாவது காட்டுங்கம்மா" என்றார். எல்லோரும் தங்கள் போனைப் பார்க்கிறார்கள். எல்லாப் போனிலும் அவர்கள் முகம்தான் இருக்கிறது, கேட் இல்லை.

என் கால் தானாக நடந்துவிட்டது அக்கா. முப்பத்தொரு வருஷத்தில் எந்த அதிகாரியிடமும் அவராகக் கேட்காமல் பேசாதவன், நேரே போய் நின்று, "கல்லு கீது சார்!" என்று கத்திவிட்டேன். இன்ஸ்பெக்டர் திடுக்கிட்டுப்போனார். "என்ன கல்லுய்யா?" என்றார். போனை நீட்டினேன். அவர் என்னுடையதை நம்பாமல், தன் போனிலேயே மேப்பைத் திறந்து அந்தக் கேட்டைத் தொட்டுப் பார்த்தார். கேட், செவ்வாய் பதினோரு மணி. கேட், பன்னிரண்டு மணி. கேட், ஒரு மணி. காலியாக, திறந்து, ஒரு ஈ காக்கா இல்லாமல், முப்பது கேட். நடுவில் நான் கெட்டுப்போனது என்று நினைத்த மூன்று படம், ஆம்புலன்ஸ் சத்தமில்லாமல் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, "யாரு இந்த மார்த்தாள்?" என்றார். நாற்பத்து மூன்று பெண்களும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். "எங்க அக்கா சார், தங்கவயல்ல கீறாங்க, காது கேக்காது" என்றேன். "தங்கவயல்ல இருந்துக்கிட்டு இதை எப்படி எடுத்தாங்க?" என்றார். நியாயமான கேள்விதான். உன் போன், உன் மகன், கிறிஸ்துமஸ், எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார், குறித்தும் கொண்டார், அதனால்தான் காகிதம் வரலாம் என்று எழுதினேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் என் போனிலும் ஒருமுறை பார்த்துவிடுகிறேன் என்று வாங்கித் தள்ளினார். கேட், மரம், கம்பம், குழாய், கேட், மரம். கடைசிக்குப் போய் நின்றுவிட்டார். இருநூற்றுப் பதினைந்தாவது படம் ஒன்று இருந்தது அக்கா. அதை மட்டும் மேப்பில் சேர்க்காமல் தனியாக வைத்திருந்தேன், அதனால் ஷாரோன் பார்த்தபோது கண்ணில் படவில்லை. புதன்கிழமை மத்தியானம் எடுத்தது. வெயிலில் ஷாரோன் டிரான்ஸ்பார்மர் வேலிப் பக்கமாகப் பையைத் தலைக்கு வைத்துத் தூங்கிப்போனாள். வாய் லேசாகத் திறந்திருந்தது, சின்ன வயசில் தூங்குவாளே, அப்படி. எழுப்பித் தள்ளிப் படுக்கச் சொல்ல மனசு வரவில்லை. அப்படியே எடுத்தேன். எல்லாவற்றுக்கும் கீழே எழுதுவதுபோல அதற்கும் எழுதினேன். இன்ஸ்பெக்டர் அதை எல்லோருக்கும் கேட்க வாசித்துவிட்டார்: "ஏழாம் கல்லுக்குத் தெற்கே, என் மகள்."

ஷாரோன் என்னைப் பார்த்தாள். நான் டிரான்ஸ்பார்மரைப் பார்த்தேன். "அது தவறிப்போயி வுழுந்துடுச்சி சார், கணக்குல சேராது" என்றேன். இன்ஸ்பெக்டர் ஒரு காகிதம் எடுத்து, இந்தப் படங்களை எடுத்தவர் இன்னார் என்று எழுதி, என்னிடம் பேனாவை நீட்டினார். எனக்குக் கை வரவில்லை. உனக்குத் தெரியாது, சங்கிலி பிடிப்பவன் கையெழுத்துப் போடமாட்டான். வெயிலில் ஓடுவது நான், முள்ளில் நிற்பது நான், படத்துக்குக் கீழே பெயர் சர்வேயருடையது. இந்த வட்டாரத்தில் நான் அளக்காத வயல் இல்லை, என் பெயர் இருக்கும் காகிதம் ஒன்றும் இல்லை. "சார், நான் போடலாமா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் ஷாரோன் பக்கத்தில் வந்து நின்று என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "போடு நைனா. நீ அளந்தது, நீ போடு" என்றாள். போட்டேன். அழுதுவிட்டேன் என்று யாராவது உன்னிடம் சொன்னால் நம்பாதே, வெயில்.

இன்ஸ்பெக்டர் புகாரில் ஒன்றுமில்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். பெண்கள் எல்லோரும் "மார்த்தாள் அக்கா வாழ்க" என்று கைதட்டினார்கள், உன் காதுக்குக் கேட்டிருக்காது என்பதால் எழுதுகிறேன். மேப்பிலிருந்தும் உன் பெயருக்கு நன்றி சொல்லி ஒரு செய்தி வந்திருக்கிறது, உன் படங்களைப் பதினோராயிரம் பேர் பார்த்திருக்கிறார்களாம், தொடர்ந்து உதவவேண்டுமாம். அத்தோடு எல்லாம் முடிந்தது. ஷாரோனைக் கையோடு ஊருக்கு அழைத்து வந்துவிட்டேன். வேலை போனால் போகட்டும், இங்கேயே ஏதாவது பார்த்துக்கொள்ளலாம். நானும் இனி சென்னைப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை, போராட்டம் என்ற வார்த்தையை வீட்டில் எடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். உன் போனையும் பழைய வேட்டியில் சுற்றிப் பார்சல் கட்டிவிட்டேன், திங்கட்கிழமை தபாலில் சேர்ப்பேன். வாங்கி பீரோவில் வை.

உன் முட்டிக்கு ஆண்டவர் எண்ணெய் விடட்டும், உன் ஆடு இரண்டாகப் பெருகட்டும், உன் மகன் துபாயில் ஒழுங்காகச் சாப்பிடட்டும். பரிமளாவும் ஷாரோனும் உனக்கு ஸ்தோத்திரம் சொல்லச் சொன்னார்கள்.

உன் பாசமுள்ள தம்பி,
சாம்சன்

பின்குறிப்பு: அக்கா, மேலே வீட்டில் இருப்பதாக எழுதியது பொய். வீடு என்று எழுதினால் உனக்குத் தூக்கம் வருமே என்றுதான் அப்படித் தொடங்கினேன், தொடங்கிய பிறகு நிறுத்தத் தெரியவில்லை. நான் நடைபாதையில் பாயில் உட்கார்ந்து எழுதுகிறேன், கேஸ்தான் போயிற்று, வேலை இன்னும் திரும்பவில்லை. நேற்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பியவன்தான், "நைனா, மணி பன்னெண்டு ஆவுதே, கேட்டப் பாக்கலியா?" என்று ஷாரோன் கேட்டாள், பையைக் கீழே வைத்துவிட்டேன். போனையும் அனுப்பப்போவதில்லை, அது இல்லாமல் இங்கே வேலை ஓடாது. இப்போது ஆட்களையும் எடுக்கிறேன். கல், அதற்குப் பக்கத்தில் ஆள், இரண்டும் விழுகிற மாதிரி. காலையில் ஷாரோனிடம் கேட்டேன், பத்தொன்பது நாள் என்னோடு பேசாதவள், மேப்பில் அந்தப் புள்ளியை ஏன் அணைக்கவில்லை, மறந்துவிட்டாயா என்று. "மறக்கல நைனா. நீ பாத்துக்கினு கீறேன்னு எனக்குத் தெரியும். அதான் வுட்டு வெச்சேன்" என்றாள்.

பதில் போடும்போது உத்திரமேரூருக்குப் போடாதே. இங்கே கதவு எண் கிடையாது, ஆனால் தபால்காரருக்குக் குழப்பம் வராமல் நான்கெல்லை எழுதித் தருகிறேன், உறையில் அப்படியே எழுதவும். கிழக்கே ஆம்புலன்ஸ் கேட். மேற்கே கோவிந்தம்மாள் பாய். வடக்கே இன்று காலையில் முதல் பஸ்ஸில் பரிமளா தூக்கிக்கொண்டு வந்த கூழ்க் குண்டான். தெற்கே என் மகள். இதற்கு உட்பட்ட இடத்தில் இருக்கிறேன்.